வைக்கல் தண்ணிப் பானை

இஞ்சேருங்கோ,

நான் கருவாட்டு வாடிக்குப் போறன். சோறும் சொதியும் குசினியில மூடிக் கிடக்கு.

உங்கட வைக்கல் ஊறின தண்ணியை முந்தநாள் நான் வெளியில ஊத்தினது பிழைதான். கடிக்கிற நுளம்பு எந்த மணத்துக்கு வந்து முட்டையிடுது எண்டு பாக்கத்தான் நுளம்பு ஒழிப்புக் கந்தோருக்காக வைச்சனீங்கள். ஆனா நாள் முழுக்கக் கருவாட்டோட நிண்டு வாறவளுக்கு வீட்டிலயும் அழுகல் நாத்தமோ?

பானையைச் சாம்பல் போட்டு மூண்டு தரம் தேய்ச்சு, கிணத்துத் தண்ணி நிரப்பினன். இண்டைக்கு விடியப் பாத்தால் அதில அடுப்புக்கரித் தூள் மாதிரி நுளம்பு முட்டை மிதக்குது. பக்கத்துப் புதுப் பானையிலயும் அதே கிணத்துத் தண்ணிதான், அதில ஒண்டுமில்லை. பானையின்ர மண்ணில ஊறின மணம் என்ர தேய்ப்புக்குப் போகேல்லை. மணத்துக்குத்தான் நுளம்பு வருது எண்டு நீங்கள் சொன்னது சரி. ரெண்டு பானையும் அப்பிடியே இருக்கு, கொப்பியில எழுதுங்கோ.

மதலேனா

தேத்தண்ணிக்குப் பானையளைத் தொடாம வாளியில அள்ளுங்கோ.

வேற சட்டியில வைக்கல் ஊறப் போட்டிருக்கிறன். நாறத் தொடங்க நாலு நாள் செல்லும். அதுவரைக்கும் கோவிச்சுக்கொண்டிருங்கோ. பிறகு என்னோட கதையுங்கோ, நீங்கள் கதைக்காம எனக்கு ஏலாமக் கிடக்கு.