தீ மிதித்த கால்

லாயாங் லாயாங்,
5.8.2024

அன்பு மலருக்கு,

நீ போனில் என் எண்ணைத் தடுத்து வைத்திருப்பதால் இருபது வருடம் கழித்துப் பேனா பிடிக்கிறேன். எழுத்து கோழி கிளறியது போல் இருந்தால் பொறுத்துக்கொள். மூவாரில் உன் அண்ணன் வீட்டில் எல்லாரும் சுகம்தானே?

இங்கே சுகம் இல்லை. தீ மிதித்து ஒரு வாரம் ஆகிறது, வலது கால் கட்டைவிரல் வீக்கம் இப்போதுதான் கொஞ்சம் தணிகிறது. போர்வை பட்டாலே உயிர் போகிறது. உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் வாசலுக்கும் அடுப்படிக்கும் நொண்டிக்கொண்டிருக்கிறேன்.

கோவிலில் என் அத்தை சொன்னது எனக்கும் கேட்டது. "நாப்பது பேரு காலு நல்லாத்தான் இருக்கு. இவன் வெரதத்துல என்னமோ பெசகிட்டான்." நீ பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். சிங்கப்பூர் வேலைக் கூட்டாளிகளோடு பீர் குடித்தேன் என்றுதானே நினைக்கிறாய்? மாரியம்மா சாட்சியாக ஒரு சொட்டு இல்லை. உனக்கு வயிற்றுக் கட்டி எடுத்து இரண்டு வருடம் நல்லபடியாகத் தாண்டினால் மிதிக்கிறேன் என்று நேர்ந்த தீ அது. அதில் போய் விளையாடுவேனா?

எப்போது வருகிறாய்?

உன்,
சுகுமாறன்


மூவார்,
9.8.2024

லோஷினி அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. டாக்டரைப் பார்த்தீர்களா இல்லையா, அதை எழுதவில்லையே. அண்ணன் வேலை செய்யும் நாற்காலிப் பட்டறையில் ஒருவருக்கு இதே போல் விரல் வீங்கியதாம். கவுட் என்றார்களாம், குடிக்கிறவர்களுக்கு வருவதாம். பிறகு நான் என்னத்தை நினைக்க?

மகள் காலேஜிலிருந்து தினமும் போன் பண்ணி, எப்போது வீட்டுக்குப் போவீர்கள் என்று கேட்கிறாள். எனக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. ஆற்றோரம் நடக்கிறேன், திரும்பி வருகிறேன், செருப்பைக் கழற்றாமல் மறுபடி போகிறேன். உண்மையை எழுதுங்கள். வேறு சங்கதி எதுவும் வேண்டாம்.

மலர்


லாயாங் லாயாங்,
14.8.2024

அன்பு மலருக்கு,

டாக்டரும் கவுட் என்றுதான் சொன்னார். எனக்கு அது புதுச் செய்தி இல்லை. இரண்டு வருடமாக இருக்கிறது. தினமும் ஒரு மாத்திரை, வேலைப் பையில் வைத்திருந்தேன். உனக்குக் கட்டி எடுத்த வருடம் அது. வீட்டுக்கு ஒரு நோயாளி போதும் என்று வாயைத் திறக்கவில்லை.

விரதம் தொடங்கியதும் மாத்திரையை நிறுத்திவிட்டேன். மருந்தின் தயவில் மிதித்தால் அது என்ன நேர்த்திக்கடன்? தண்ணீரும் சரியாகக் குடிக்கவில்லை, சோர்வு வந்தால் சர்க்கரை போட்ட சிவப்புச் சிராப் தண்ணீர்தான். இதைச் சொன்னதும் டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். இரத்தத்தில் யூரிக் ஆசிட் கூடினால் மூட்டில் உப்புப் போலப் படியுமாம். பீர், ஈரல், நெத்திலி மட்டும் காரணம் இல்லை, பட்டினியும் இனிப்புத் தண்ணீரும்கூடக் கிளப்பிவிடுமாம். "வலி இல்லாத நாளுக்குத்தான்யா அந்த மாத்திரை. நீங்களா நிறுத்தலாமா?" என்று கேட்டார்.

குடிக்கவில்லை மலர். மறைத்தேன்.

சுகுமாறன்


மூவார்,
19.8.2024

என்னங்க,

பீர் குடித்திருந்தால்கூட இரண்டு நாள் திட்டிவிட்டு வந்திருப்பேன். இரண்டு வருடம் பக்கத்தில் படுத்துக்கொண்டே மறைத்திருக்கிறீர்களே. அந்தக் கோபத்தில் அண்ணி மேல் எரிந்து விழுந்தேன், பாவம் அவர்.

ஆனால் உங்களைத் திட்ட எனக்கும் வாயில்லை. ஜூன் மாத ஸ்கேனுக்குப் போய் வந்தேன், எல்லாம் நல்லபடி என்று சொன்னேனே, அது பொய். பயத்தில் போகவே இல்லை. நீங்கள் தீ மிதித்து முடிக்கட்டும், பிறகு போகலாம் என்று இருந்தேன். உங்கள் கால் வீங்கியதும், மாரியம்மா நேர்த்தியை ஏற்றுக்கொள்ளவில்லை, கட்டி திரும்ப வந்துவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டேன். அதனால்தான் ஓடி வந்தேன். பீர் என்றது ஒரு சாக்கு.

காலையில் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணினேன். அடுத்த வாரம் வியாழன் ஒன்பது மணிக்கு வரச் சொன்னார்கள். அதற்கு முதல் நாள் புதன் மாலை பஸ்ஸில் வருகிறேன். கால் தாங்கினால் குளுவாங் பஸ் நிலையத்துக்கு வாருங்கள். தாங்காவிட்டால் தாங்கவில்லை என்று சொல்லுங்கள். உங்கள் எண்ணைத் திறந்துவிட்டேன்.

மாத்திரையைச் சாமி மேடையில் வையுங்கள், தினமும் என் கண்ணில் படட்டும். ஸ்கேன் முடிவு வந்ததும் அதையும் அங்கேதான் வைக்கப்போகிறேன், அதில் என்ன எழுதியிருந்தாலும்.

உங்கள்,
மலர்