பால் கொடுப்பவள் என்பது முதல் பொருள்

நவ. 11, செவ்வாய்

காலையிலிருந்து மழை. அக்காவின் பால், ஐஸ் பெட்டியில். ரந்தாவ் வீட்டிலிருந்து சிரம்பான் ஆஸ்பத்திரிவரை மோட்டாரில் நான். அத்தானுக்குக் காலை ஷிப்ட். அக்காவுக்கு இன்னும் தையல் ஆறவில்லை.

பாப்பா குறைமாதம். மூக்கில் குழாய். தானாகச் சப்பிக் குடிக்கும்வரை வீட்டுக்கு விடமாட்டார்கள். இன்றும் புட்டிக் காம்பை வாயில் வாங்கவில்லை.

இங்கே நர்ஸை யாரும் நர்ஸ் என்பதில்லை, மிஸ்ஸி. ஆனால் அவர் சட்டை அட்டையில் 'நர்ஸ்'. காத்திருந்த நேரத்தில் போனில் அந்தச் சொல்லைத் தேடினேன். வேர் லத்தீன். முதல் பொருள்: பால் கொடுப்பவள். ஊசி, மருந்து, வெள்ளை உடை எல்லாம் பிறகு வந்தவை.

வீடு வரும்வரை மழை தெரியவில்லை.

நவ. 12, புதன்

வெயில். பெட்டி மூடி உடைந்தது. டேப் வாங்க வேண்டும்.

சொல் விடவில்லை. ஆங்கிலத்தில் கோபத்தை உள்ளே வளர்ப்பதும் நர்ஸ். ஒரு கோப்பை பீரை வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்வதும். அக்கா எண்ணெய்ப் பனைக் கன்று வளர்க்கும் செம்பனை நர்சரி. உர மூட்டையில் அச்சடித்த நியூட்ரியன்ட். ஒரே முலையிலிருந்து இத்தனையும். தமிழிலும் பார், பழைய செவிலித்தாய்தான் இன்று ஆஸ்பத்திரிச் செவிலியர்.

அக்காவிடம் சொன்னேன். புட்டியை மூடிக்கொண்டே கேட்டாள்.

"இதெல்லாமா யூனிவர்சிட்டியில சொல்லித் தர்றாங்க? வேலை கெடைக்குமா?"

சிரித்தாள். பிறகு, என்னைப் பார்க்காமல்:

"நர்சரியில குட்டைக் கன்னு, சுருண்ட கன்னு எல்லாத்தையும் நாந்தானேடா பிடுங்கிப் போடுவேன்."

போனைச் சட்டைப் பைக்குள் போட்டேன். லத்தீனையும் அதோடு.

நவ. 14, வெள்ளி

மேகம். நேற்று எழுதவில்லை. குழாய்ப் பால்தான் நேற்றும்.

தையல் பிரித்தாயிற்று. அத்தான் காரில் அக்காவும். மார்பில் வைத்துப் பார்க்கலாம் என்றார் மிஸ்ஸி. திரையை இழுத்தார். மெதுவாக, அவசரம் வேண்டாம் என்று மலாய் மொழியில் சொல்வது கேட்டது. வெளியே நாங்கள் இருவர். அத்தான் தரையைப் பார்த்தபடி. என் மைலோ ஆறி ஆடை கட்டியது.

திரைக்குள் சத்தமே இல்லை. ஒரு வாய், ஒரு காம்பு. லத்தீனுக்கு முன்னால், தமிழுக்கும் முன்னால், பெயர் இல்லாமலே நடந்துகொண்டிருந்தது.

அக்காவின் குரல்: "இழுக்குறாடா. வலிக்குது."

அத்தான் எழுந்து நின்றுவிட்டார்.