செல்வியின் அலமாரித் தட்டு

வெள்ளி இரவு, பர் துபாய்

பேத்தி மதி இன்று அமெரிக்கச் சரித்திரத்தை இங்கிலீஷில் கடகடவென்று வாசித்தாள். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்குப் பெருமை தாங்கவில்லை. தமிழில் சொல்லச் சொன்னேன்.

"இருநூறு வருஷத்துக்கு முன்னாடி, காட்டன் போட லேண்ட் வேணும்னு, அங்கயே இருந்த ஜனங்கள ஆத்துக்கு அந்தப் பக்கம் தொரத்திட்டாங்க, பாட்டி."

"அந்தப் பக்கமும் நிலம் இருந்திருக்கும்ல?"

"செல்வி அக்காவுக்கு ஷார்ஜாவுல ரூம் கெடைக்கும்னு சொன்னீங்களே, அந்த மாதிரியா?"

எனக்குச் சுருக்கென்றது.

மதி பிறப்பதற்கு முன்பிருந்தே செல்வியும் அவள் புருஷனும் இந்த ஃபிளாட்டின் இன்னொரு அறையில் வாடகைக்கு இருக்கிறார்கள். ஊரிலிருந்து வந்த நான்தான் தனி அறை வேண்டுமென்று மகனிடம் அடம்பிடித்தேன். மாதக் கடைசியில் காலி செய்கிறார்கள். அதுவரைகூடப் பொறுக்காமல், காலையில் சமையலறை அலமாரியில் அவளுக்கென்று இருந்த தட்டைக் காலி செய்து என் பாத்திரங்களை அடுக்கிவிட்டேன்.

மதி சொன்ன பிறகு மனசு கேட்கவில்லை. என் பாத்திரங்களைக் கீழே இறக்கினேன். அந்த நேரம் பார்த்து டியூட்டி முடிந்து செல்வி வந்தாள்.

"தூசியா இருக்காம்மா? நகருங்க, நான் பாத்துக்கறேன்."

ஈரத்துணியால் தட்டைத் துடைத்து, என் பாத்திரங்களையே திரும்ப அழகாக அடுக்கினாள். இது உன் இடம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர்களே இருக்கட்டும் என்று மகனிடமும் இன்னும் சொல்லவில்லை.