சைவச் சட்டி

ஜன. 3, வெள்ளி.

லாபிஸ். மழை விடவில்லை. காலை ஆறுக்குக் கடைக்குள் முழங்கால் தண்ணீர், எட்டுக்கு இடுப்பு. அரிசி மூட்டை பாதிதான் மேல் தட்டுக்கு ஏறியது. மிளகாய், மல்லி எல்லாம் போச்சு. வீடு கடைக்குப் பின்னால். அதுவும் போச்சு. பள்ளிக்கூடத்து நிவாரண மையத்தில் இடமில்லை, சர்ச் மண்டபத்துக்கு அனுப்பினார்கள். எழுபது பேர். எங்களுக்குப் பாய் இரண்டு, போர்வை ஒன்று. வீட்டுக்காரி சரசுவின் ஊசி மருந்துப் பை வந்தது. என் பல்செட் வரவில்லை.

சரசுவுக்கு விரதம், பத்தாம் நாள். தைப்பூசத்துக்குப் பால்குடம். போன வருஷம் என் நெஞ்சு ஆபரேஷனப்போ நேர்ந்துகொண்டது. என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாமென்றிருப்பேன்.

சாயங்காலம் சோறு, டின் மீன் சம்பல். சரசு தண்ணீர் மட்டும். சளி வேறு, மூக்கடைப்பு.

ஜன. 4, சனி.

தூறல். காலையில் சர்க்கரை ஊசி போட்டுக்கொண்டு இரண்டே பிஸ்கட் தின்றிருக்கிறாள். பத்து மணிக்கு வேர்வை, கை நடுக்கம், பேச்சு குழறல். சீனித் தண்ணீர் கொடுத்தேன்.

"மீன் பொரிச்ச சட்டியில வச்சதை எப்படிங்க சாப்பிடறது?"

"ஊசியப் போட்டுட்டுப் பட்டினி கிடந்தா பால்குடத்தை முருகன்கிட்ட நேர்லயே கொண்டு போயிடலாம்."

முறைத்தாள். தெளிந்துவிட்டாள் என்று அர்த்தம்.

சமையல் பொறுப்பு ரூத் டீச்சர். தமிழ்ப்பள்ளியில் இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் சொன்னேன். ஒரு மணி நேரத்தில் புதுச் சட்டி, தனி அடுப்பு, மூடியில் சாக்பீஸால் 'சைவம்'. விசாரித்தால் விரதக்காரர்கள் ஒன்பது பேராம், ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. கேஸ் சிலிண்டர் பக்கத்துக் கம்பத்து, அதாவது மலாய்க் கிராமத்து, ஆட்கள் கொடுத்தது. கங்கோங் கீரை ஒரு வேன் நிறைய, சீனத் தோட்டக்காரர் அனுப்பியது.

சரசு இரண்டு தட்டு சாப்பிட்டாள். நான் வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

பக்கத்துப் பாயில் இரண்டு பெண்கள்:
"இங்க தங்குனா மதம் மாத்திருவாங்களாம்லா."
"முதல்ல என் சீலைய மாத்தணும். ரெண்டு நாளாச்சு."

ஜன. 5, ஞாயிறு.

மேகம். ஆராதனை வாசல் கூடாரத்தில், உள்ளே எங்கள் பாய்கள். பாஸ்டர் பத்தே நிமிஷம் பேசினார். நல்ல மனுஷன்.

வேலை: தண்ணீர் பாட்டில் இறக்கினது. நன்கொடைத் துணி பிரித்தது, எட்டு மூட்டை, உடுத்துகிற மாதிரி ஒரு மூட்டை தேறும். குளிர் நாட்டுக் கோட் ஒன்று, கழுத்தில் ரோமத்தோடு. லாபிஸுக்கு!

மதியம் சைவச் சட்டியை இறக்கக் கை கொடுத்தேன். ஆவியில் பிளாச்சான் வாசம். முப்பது வருஷமாக விற்கிறேன், அந்த இறால் விழுது வாடை எனக்குத் தப்பாது. டீச்சரைத் தனியே கூப்பிட்டேன்.

"கீரைக்குத்தானே தம்பி போட்டேன்? மீனு கறி எதுவும்…" பாதியில் வாயைப் பொத்திக்கொண்டார்.

இந்த ஊரில் கங்கோங் வதக்கினால் கை தானாகப் பிளாச்சானுக்குப் போகும். உப்பு மாதிரி. நேற்றும் போட்டாராம். சரசுவுக்கு மூக்கடைப்பு. மற்றவர்கள் பசியில் முகர்ந்தா பார்ப்பார்கள்?

கீரையை அசைவப் பக்கம் தள்ளிவிட்டு, சட்டியைத் தேய்த்துப் பருப்பு வைத்தோம்.

"சரசுகிட்ட சொல்லிடணும் தம்பி."

"சொன்னா மறுபடி பட்டினி. நேத்து அவ இருந்த இருப்பை நீங்க பார்க்கல. இனிமே போடாதீங்க, அவ்வளவுதான்."

வியாபாரத்தில் இதைவிடப் பெரிய பொய் சொல்லியிருக்கிறேன். ராத்திரி சரசுவுக்குப் பருப்புச் சோற்றை நானே வரிசையில் நின்று வாங்கிக் கொடுத்தேன்.

ஜன. 6, திங்கள்.

வெயில். தண்ணீர் வடிந்துவிட்டது. கடையில் கணுக்கால் சேறு. ஐஸ்பெட்டி குப்புறக் கிடக்கிறது. அள்ள ஆரம்பித்து முதுகு பிடித்துக்கொண்டது.

மண்டபத்துக்குத் திரும்பினால் சரசு பாயில், எதிரே டீச்சர் அழுதபடி. சொல்லிவிட்டார்.

"உங்களுக்கும் தெரியுமா?"

"ம்."

மதியச் சோற்றைத் தொடவில்லை. சாப்பிடாமல் ஊசி போடக்கூடாதென்று மருந்துப் பையை நானே வைத்துக்கொண்டேன். நாலு மணிக்கு எழுந்து முகம் கழுவினாள். டீச்சரிடம் போனாள்.

"போனது போச்சு டீச்சர். நாப்பத்தெட்டு நாளுக்கு இனிமே நாள் பத்தாது, பால்குடம் அடுத்த வருஷம். முதல் நாள்லேருந்து இருந்துக்கறேன்."

"கெடுத்துட்டேனேம்மா."

"வேணும்னா செஞ்சீங்க? அழாதீங்க. மத்த எட்டுப் பேருக்கு நானே சொல்றேன்."

சொன்னாள். மூன்று பேர் தலை முழுகி, இருக்கிற நாள் போதுமென்று மறுபடி முதல் நாள். ஐந்து பேர் தொடர்கிறார்கள். அதில் டேக்சி ஓட்டுகிற முனியாண்டி: "அலமாக், விடுங்கக்கா. முருகனும் இந்த ஊர்லதானே இருக்காரு, அவருக்குத் தெரியாதா?"

என்னோடு பேச்சில்லை.

ஜன. 7, செவ்வாய்.

வெயில். பாதிப் பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். சரசுவைக் கூப்பிட்டேன், வரவில்லை. மருந்துப் பையை அவள் பாயருகே வைத்துவிட்டுத் தனியாகப் போய்ச் சேறு அள்ளினேன். பன்னிரண்டு வாளிக்குமேல் எண்ணவில்லை.

மதியம் சேற்றுக் காலோடு சர்ச்சில் வரிசை. சைவச் சட்டிக்குப் பின்னால் சரசு, கையில் கரண்டி. தட்டை நீட்டினேன். சோறு, பருப்பு, கீரை.

"ஊசி போட்டாச்சு, சாப்பிட்டாச்சு" என்றாள், நான் கேட்காமலே. "நகருங்க, பின்னாடி ஆளு நிக்குது."