கடைசி மடிப்பு

ஃப்ளாக்,
6 டிசம்பர் 1931

பூங்காவனத்துக்கு,

வெட்கத்தை விட்டு ஒன்று சொல்லிவிடுகிறேன். எப்படியும் இங்கும் அங்கும் போய்வருகிற பொன்னம்மா வாய்வழியாக உனக்கு வந்து சேரும், அதற்கு முன்னால் நானே சொல்வது மரியாதை. போன செவ்வாய்க்கிழமை கரும்பு எடை போடுகிற இடத்தில், வண்டிக்காரர்கள் எல்லோரும் பார்க்க, நான் தேம்பித் தேம்பி அழுதேன்.

காரணம் ஒரு நாவல். இந்த வருடப் புத்தகப் பெட்டி சென்னையிலிருந்து கப்பலில் இந்தத் தீவுக்கு வந்துவிட்டது. வரிசையில் நிற்கும்போது சும்மா இருப்பானேன் என்று ஒன்றை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். 'செண்பகமணி அல்லது மூன்றாம் வகுப்பு வண்டி மர்மம்' என்று பெயர். நகை திருட்டுப்போகிறது. ரயில்வே கார்டு மேல் பழி விழுகிறது. அவனைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று செண்பகமணி சொன்னதும், அவளுடைய அப்பன், பெரிய மீசைக்காரன், கதவைச் சாத்திவிடுகிறான். அந்த இடத்தில்தான் என் கண் என் பேச்சைக் கேட்கவில்லை.

நான் எடை குறைந்துவிட்டதற்காக அழுகிறேன் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. பக்கத்து வயல் சின்னன் என் தோளைக் கட்டிக்கொண்டு, "விடுங்கண்ணே, அடுத்த வருசம் நல்லா வெளயும்" என்றான். எடை பார்க்கும் பெர்னார் பயந்துபோய் என் வண்டியை மறுபடி எடை போட்டு, தன் காசில் ஒரு கிளாஸ் ரம்மும் வாங்கிக் கொடுத்தான். நாவல் படித்து அழுதேன் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. ரம்மைக் குடித்துவிட்டேன்.

வெட்டு முடிந்தது, வெயில் வந்தது. இனி நமக்கு நாவல் காலம். புத்தகத்தைப் பொன்னம்மா கையில் கொடுத்தனுப்புகிறேன். என் குணம் உனக்குத் தெரியும், கடைசிப் பக்கங்களை முதலில் படிக்கிறவன் நான். திருடன் யார் என்று எனக்குத் தெரியும். கெஞ்சினாலும் சொல்ல மாட்டேன்.

பேறுகாலம் பார்க்க என்று போனாய். ஒன்றரை வருடம் நீடிக்கிற பேறுகாலத்தை நான் எந்த நாவலிலும் படித்ததில்லை. இங்கே ஆடு உன்னைக் கேட்கிறது. அந்த வீட்டில் எல்லோரும் சுகம்தானே?

அன்புடன்,
அப்பாசாமி

*

ரோஷ் புவா,
20 டிசம்பர் 1931

பார்வதியின் அப்பாவுக்கு,

புத்தகம் வந்தது. மாங்காயும் வந்தது. நீங்கள் அழுத கதை புத்தகத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டது.

'அந்த வீடு' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வீட்டில் இருப்பவர்களுக்குப் பெயர் உண்டு. உங்கள் மகள் பார்வதி இருக்கிறாள். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் அவள் புருஷன் ரெஜிஸ் இருக்கிறான். உங்கள் பேரன் தெனி இருக்கிறான், நடக்கத் தொடங்கிவிட்டான். அவள் மாதா கோவிலில் தாலி இல்லாமல் மோதிரம் மாற்றிக்கொண்டாள் என்று நீங்களும் கதவைச் சாத்தினீர்கள். உங்களுக்கு மீசை இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

பார்வதிக்குப் பிரசவத்தில் வந்த இருமல் இன்னும் போகவில்லை. எழுந்திருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பகலில் சாப்பாட்டுக்குப் பிறகு அவளுக்கு நாவல் படித்துக் காட்டுகிறேன். நம் வீட்டு வழக்கத்தை அவள் விடவில்லை. புதுப் புத்தகம் வந்தால் அச்சுக்காரன் வெட்டாமல், பக்கங்கள் பிரியாமல் விட்ட தாள்மடிப்பை நீங்கள்தானே உங்கள் சின்னக் கத்தியால் வெட்டுவீர்கள்? ஒரு நாளைக்கு ஒரு மடிப்புதான். அதற்கு மேல் ஒருவரும் எட்டிப் பார்க்கக் கூடாது. நீங்கள் மட்டும் கடைசியைப் பார்த்துவிட்டேன் என்று சொல்லி எங்களைத் துடிக்க வைப்பீர்கள். இப்போதும் அவள் ஒரு நாளைக்கு ஒரு மடிப்புக்கு மேல் என்னைப் படிக்க விடுவதில்லை.

கடைசி மடிப்பை மட்டும் அப்பாதான் வந்து படிக்க வேண்டும் என்கிறாள். ஆம்பளைக் குரல் எனக்கு வரவில்லையாம்.

பூங்காவனம்

*

ஃப்ளாக்,
4 ஜனவரி 1932

பூங்காவனத்துக்கு,

என் குரலுக்கு இன்னும் கிராக்கி இருப்பது அறிந்து மகிழ்ச்சி. இங்கே ஞாயிற்றுக்கிழமை பெண்கள் கூடி என்னைப் படிக்கச் சொல்கிறார்கள். ஆனால் நான் கதாநாயகிக்குப் பேசும்போது நம் ஆடு பதில் சொல்கிறது என்று பொன்னம்மா எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள்.

வர முடியாத நிலை. காவடிக்கு நேர்ந்திருக்கிறேன். முழங்கால் வலிக்கு என்று கோவில் கமிட்டிக்காரர்களிடம் சொல்லியிருக்கிறேன். நாற்பத்தெட்டு வயதில், இந்த வயிற்றை வைத்துக்கொண்டு காவடி தூக்கினால் முழங்கால் வலி போகுமா வருமா என்று சின்னன் கேட்கிறான். விரத நாளில் மீன் சமைக்கிற வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. அங்கே மீன் இல்லாத நாள் உண்டா, நீயே சொல்.

ஆகவே கடைசி மடிப்பில் இருப்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், நீ சொல்லிவிடு. நகையைத் திருடியவன் கணக்குப்பிள்ளை. அந்த மீசைக்காரன் உண்மை தெரிந்ததும் தலைப்பாகை அவிழ, செருப்பு ஒன்று தவற, ரயிலடிக்கு ஓடிவருகிறான். வண்டி கிளம்புகிற நேரம். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இறங்கும்மா, வீட்டுக்குப் போகலாம்" என்கிறான். செண்பகமணி இறங்குகிறாள். கார்டும் இறங்கிவிடுவதால் வண்டி ஒரு மணி நேரம் தாமதம். கல்யாணச் சாப்பாட்டில் ஏழு கறி. மாறிமாறி அழுகிறார்கள்.

இவ்வளவுதான். இதற்கு நான் எதற்கு?

ஆட்டுப்பால் நெஞ்சுக்கு நல்லது என்கிறார்கள். காய்ச்சி, புட்டியில் அடைத்து அனுப்பியிருக்கிறேன். யாருக்கு வேண்டுமோ அவர்கள் குடிக்கட்டும்.

அப்பாசாமி

*

ரோஷ் புவா,
31 ஜனவரி 1932

பார்வதியின் அப்பாவுக்கு,

காவடி முடிந்துவிட்டது. விரதமும் முடிந்துவிட்டது. பொன்னம்மா வந்திருந்தாள். நீங்கள் வெறுங்காலோடு தார் ரோட்டில் நடந்ததையும், சந்நிதியில் அலகு எடுத்தவுடன் நீங்கள் முதலில் சொன்னது யார் பெயர் என்பதையும் சொன்னாள். முழங்காலுக்குப் பார்வதி என்று பெயர் இருப்பது எனக்கு இதுவரை தெரியாது. சாமியிடம் சொல்ல முடிகிற பெயரை என்னிடம் சொல்ல என்ன கஷ்டம்?

விஷயத்துக்கு வருகிறேன். டாக்டர் இப்போது மருந்து மாற்றுவதில்லை. அவளுக்குப் பிடித்ததைக் கொடுங்கள் என்கிறார். உங்களுக்குப் புரியும்.

கதை கடைசி மடிப்பு வரைக்கும் வந்து நிற்கிறது. வண்டி ஊதிவிட்டது, செண்பகமணி ஜன்னல் கம்பியில் கையை வைத்துக்கொண்டு ரயிலடி வாசலையே பார்க்கிறாள். அந்த வரியோடு நின்றோம். நீங்கள் எழுதிய முடிவைப் படித்துக் காட்டினேன். ஏழு கறி வந்ததும் சிரித்தாள். சிரிப்பு இருமலாகிவிட்டது. இருமல் நின்ற பிறகு, "நல்லாத்தான் இருக்கு. அப்பா வந்து சொல்லட்டும், நம்புறேன்" என்றாள்.

வரும் ஞாயிறு காலை ரயிலில் வாருங்கள். ரெஜிஸ் ஸ்டேஷனில் நிற்பான். தன்னைப் பார்க்க உங்களுக்குச் சங்கடமாக இருந்தால், வீட்டைக் காட்டிவிட்டுத் தான் வெளியே போய்விடுவதாகச் சொல்கிறான். பத்து நாளாக இந்த வீட்டில் மீன் சமைக்கவில்லை. அதுவும் அவன் ஏற்பாடுதான்.

பூங்காவனம்

*

ஃப்ளாக்,
8 பிப்ரவரி 1932

பூங்காவனத்துக்கு,

ரெஜிஸை வெயிலில் நிற்க வைத்துவிட்டேன். தவறாக நினைக்க வேண்டாம் என்று சொல்.

நான் ஸ்டேஷனுக்குப் போனேன். என் கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். அது என்னை மூச்சு விடவிடவில்லை. டிக்கெட் வாங்கினேன். கத்தியைத் தீட்டிச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். ரயில் வந்தது, நின்றது, போனது. வீட்டுக்குள் வந்ததும் முதலில் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நாவல் எழுதுகிறவர்கள் கதாநாயகனுக்குப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள், திருடனுக்குக்கூட எழுதுகிறார்கள், அப்பன்காரனுக்கு நல்ல வசனமாக ஒன்று எழுத மாட்டேன் என்கிறார்கள்.

சின்னன் அந்தப் பக்கம் வந்தவன், "என்னண்ணே, வண்டியா வரல?" என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

வசனம் கிடைத்துவிட்டது. சின்னதுதான். வரும் ஞாயிறு நிச்சயம் வருகிறேன். அதுவரை அந்த மடிப்பை யாரும் படிக்க வேண்டாம். பார்வதியிடம் சொல்.

அப்பாசாமி

*

ரோஷ் புவா,
22 பிப்ரவரி 1932

பார்வதியின் அப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று நாள் மிச்சம் இருந்தது.

நீங்கள் கல்லறைத் தோட்டத்து வெளிவாசலில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றதை ரெஜிஸ் பார்த்தான். உங்களுக்காகத்தான் சாயங்காலம் வரை பெட்டியை மூடாமல் வைத்திருந்தான். அழைத்துவர வந்தபோது நீங்கள் போய்விட்டீர்கள். அவனுக்கு உங்கள் மேல் கோபம் இல்லை. எனக்கு இருக்கிறது. ஆனால் அதை எழுத இந்தத் தாள் போதாது.

உங்கள் கடிதம் அவளிடம் சேர்ந்தது. படித்துக் காட்டினேன். 'பார்வதியிடம் சொல்' என்ற இடத்தை இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள். தன் பெயர் தமிழ் எழுத்தில் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும் என்றாள். அவளுக்குத்தான் படிக்கத் தெரியாதே. விரலை வைத்துக் காட்டினேன்.

புத்தகத்தைப் பொன்னம்மாவிடம் கொடுத்தனுப்புகிறேன். ஒன்று நான் உங்களிடம் சொல்லவில்லை. புத்தகம் வந்த அன்றைக்கே அவள் அதை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். எல்லா மடிப்பும் வெட்டியிருந்தது. கடைசி மடிப்பு மட்டும் வெட்டாமல் இருந்தது. "அப்பா முடிவைப் படிக்கவே இல்லம்மா. எப்பவும் சும்மாதான் சொல்லியிருக்காரு. அவர்கிட்ட சொல்லாத, வந்து வெட்டட்டும்" என்றாள். அதனால்தான் நானும் அதில் கத்தி வைக்கவில்லை.

நான் ஃப்ளாக்குக்கு வரவில்லை. பிள்ளைக்கு நான் வேண்டும். ஆட்டைச் சின்னனுக்குக் கொடுத்துவிடுங்கள்.

பூங்காவனம்

*

ஃப்ளாக்,
28 பிப்ரவரி 1932

பூங்காவனத்துக்கு,

அவள் சொன்னது சரி. எந்த நாவலின் முடிவையும் நான் முன்னால் படித்ததில்லை. நீங்கள் இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள், அது எனக்குப் பிடித்திருந்தது. இந்த ஒரு நாவலில் மட்டும் முடிவுக்கு வந்த பிறகும் வெட்ட முடியவில்லை. அந்த மீசைக்காரன் ரயிலடிக்கு வராமல் இருந்துவிட்டால் என்ன செய்வது என்று பயமாக இருந்தது. வந்ததாக நானே எழுதிவிட்டால் வந்த மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

உன்னை வரச் சொல்லி எழுத மாட்டேன். அடுத்த ஞாயிறு நான் வருகிறேன். ரெஜிஸ் ஸ்டேஷனுக்கு வர வேண்டாம், கேட்டுக்கொண்டு வந்துவிடுவேன். மீன் சமைத்தாலும் சாப்பிடுகிறேன். வாசலில் நிற்கச் சொன்னால் நிற்கிறேன். தெனிக்குக் கதை கேட்கிற வயது வரும்போது ஆம்பளைக் குரலுக்கு ஒரு ஆள் வேண்டியிருக்கும்.

ஆட்டைக் கொடுக்கவில்லை. பேச்சுத்துணைக்கு அது ஒன்றுதான் இருக்கிறது.

பார்வதியின் அப்பா

பி.கு.: இன்று காலை அந்த மடிப்பை வெட்டினேன். நீங்கள் நிறுத்திய வரிக்குப் பிறகு, உள்ளே முதல் பக்கத்தின் உச்சியில் 'முற்றும்' என்று மட்டும் இருக்கிறது. மீதிப் பக்கமெல்லாம் கூந்தல் தைல விளம்பரம்.