கோட்டுக்குள் இருந்த சங்கச் செயலாளர்

மகளே,

நேற்று அரசாங்க ஆய்வுக் குழுவுக்குக் கொடுத்த பட்டியலில், ஆய்வக உதவியாளனான என்னை வேதியியல் விரிவுரையாளர் என்று எழுதியது நீ. கல்லூரி அலுவலகக் கண்காணிப்பாளராக அதில் கையெழுத்தும் போட்டிருக்கிறாய்.

“ஆறு விரிவுரையாளர் இடம் காலின்னு தெரிஞ்சா மானியம் நின்னுடும்ப்பா. கோட்டைப் போட்டுட்டு சும்மா உக்காருங்க, யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க” என்றாய்.

கேட்டார்கள். அமிலத்தை எப்படி நீர்க்கச் செய்வது என்று குழுத் தலைவி கேட்டதும், “தண்ணியிலதாம்மா அமிலத்தை ஊத்தணும். மாத்திச் செஞ்சா மூஞ்சியில தெறிக்கும்” என்றேன். முப்பது வருடம் குடுவை கழுவிக் கற்றது. “நல்ல ஆசிரியர்” என்று குறித்துக்கொண்டார். எனக்கு இனிக்கத்தான் செய்தது.

அடுத்து, “ஊழியர் சங்கச் செயலாளரைக் கூப்பிடுங்க” என்றார்.

“இங்க சங்கமே இல்லீங்க மேடம்” என்றார் கல்லூரி முதல்வர்.

செயலாளரான நான் கோட்டோடு உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்ததும் நம் நூலக உதவியாளர், “என்ன வாத்தியாரே, நாக்கையும் மடிச்சுப் பையில வெச்சுக்கிட்டீங்களா?” என்றார்.

அறிக்கையில் கையெழுத்துப் போட நாளை பத்து மணிக்குக் குழு மறுபடி வருகிறது. நூலக உதவியாளர் சங்கப் பதிவுச் சான்றைக் கொண்டுவருவார். நான் கோட்டில்லாமல் வந்து, நான் யார் என்று சொல்வேன். அறிக்கையில் ஏறிய ‘சங்கம் இல்லை’ என்ற வரியை முதல்வர் தன் கையால் அடிக்க வேண்டும். நீ உண்மைப் பட்டியலைக் கொடுத்து, பொய்ப் பட்டியலை எழுதியது யார் என்று சொல்ல வேண்டும். நீ சொல்லாவிட்டால் நான் சொல்வேன்.

அப்பா,
சங்கச் செயலாளர்