மயிலாளுக்கு வந்த ஆறு பக்கம்

திருப்பூர்
4-11-1973

சிரஞ்சீவி வெள்ளியங்கிரிக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே எனக்கு முழங்கால் வலியைத் தவிர ஒரு குறையும் இல்லை. அங்கே நீ சௌக்கியமாக இருக்கிறாய் என்பதும் தெரிந்தது, ஆறு பக்கம் எழுதுகிற அளவுக்குச் சௌக்கியம் என்று உன் சின்னம்மாவுக்கு வந்த கடிதத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். எனக்கு ஐப்பசி பிறந்த அன்று ஒரு நீலக் காகிதம் வந்தது, அதில் ஏழு வரி. நலம், குளிர் ஆரம்பித்துவிட்டது, ஸ்வெட்டர் வாங்கிவிட்டேன், மாத்திரையை விடாமல் சாப்பிடவும். ஏழு வரியை எத்தனை தடவைதான் படிப்பது. பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் கூட இருக்கிறவர்கள் மகன் என்ன எழுதியிருக்கிறான் என்று கேட்டால், நானே நாலு வரி சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தீபாவளிக்கு மறுநாள் மயிலாள் கோயமுத்தூரிலிருந்து வந்தாள். பலகாரத் தூக்கைக் கீழே வைப்பதற்கு முன்பே பையிலிருந்து உன் கடிதத்தை எடுத்து விசிறி மாதிரி விரித்துக் காட்டினாள். நம் மயிலாள் பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் டீச்சர், உனக்கு நாலு வருஷம் அவள் வீட்டில் சாப்பாடு போட்டுப் படிக்க வைத்தாள், எல்லாம் சரி, நான் இல்லை என்று சொல்லவில்லை. அவள் இல்லாவிட்டால் நீ இன்றைக்கு அமெரிக்காவில் இல்லை, இங்கே ஏதாவது மெஷினில் நூல் கோத்துக்கொண்டிருப்பாய். அதற்காக ஆறு பக்கமா. எனக்கு வயிற்றெரிச்சல்தான், உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. அதைப் பார்த்த பிறகு அவள் கொண்டுவந்த அதிரசத்தைத் தூக்கோடு மூடி வைத்துவிட்டேன்.

நான் கேட்காமலே படித்துக் காட்ட உட்கார்ந்தாள். சிமெண்ட் தரையில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டாள், இதுதான் ஈரலில் இருக்கிற ஒரு செல் என்றாள். மனுசன் பயந்துபோனால் இரத்தத்தில் அட்ரினலின் என்று ஒன்று சுரக்கிறது, அது உடம்பு முழுக்கச் சுற்றுகிறது, ஈரல் செல்லின் மேல்தோலில் அதற்கென்றே ஒரு புரதம் இருக்கிறது, அதில் போய் உட்காருகிறது என்று படித்தாள். நீ அழகாக ஏற்பி என்று தமிழில் எழுதியிருக்கிறாய், அவள் அதை ரிசப்டர் ரிசப்டர் என்றே வாசிக்கிறாள், எனக்குப் புரிந்துவிடக் கூடாது என்று நினைப்பு போலிருக்கிறது. உடம்பெல்லாம் சுற்றுகிறதே, எல்லா இடத்திலும் ஏன் அது வேலை செய்யவில்லை என்று அவளே கேட்டுவிட்டு அவளே யோசித்தாள். நான் சொன்னேன், மேளச் சத்தம் தெருவுக்கே கேட்கிறது, ஆனாலும் வாசலுக்கு வந்து தாம்பூலம் வைத்து யாரைக் கூப்பிட்டார்களோ அவர்கள்தானே கல்யாணத்துக்குக் கிளம்புகிறார்கள் என்று. சரியாகத்தான் சொல்கிறாய் அக்கா என்றாள், ஆனால் முகம் கொஞ்சம் சுருங்கியது.

அடுத்ததில்தான் நன்றாக மாட்டினாள். வெளியிலிருந்து ஒரு அம்பு போட்டு, அட்ரினலின் வட்டத்துக்கு உள்ளே போவதாக வரைந்தாள். நான் காகிதத்தை வாங்கிப் பார்த்தேன், அது வாசலோடு நின்றுவிடும், உள்ளே வராது என்று நீ தெளிவாக எழுதியிருக்கிறாய். உள்ளே வேறொரு புரதம் ஒரு சின்னப் பொருளை நிறையத் தயார் பண்ணுகிறது, அது இன்னொரு புரதத்தை எழுப்ப, அது மற்றொன்றை எழுப்ப, கடைசியில் சேர்த்து வைத்த சர்க்கரை உடைந்து இரத்தத்துக்குப் போகிறது, ஓடுவதற்குக் காலில் பலம் வருகிறது. இது எனக்கா புரியாது. கல்கத்தா வியாபாரியிடமிருந்து பனியன் கேட்டு ஒரு கார்டு வருகிறது, கார்டு முதலாளி மேஜையைத் தாண்டுவதில்லை. அவர் மேனேஜரிடம் சொல்ல, மேனேஜர் கட்டிங் மாஸ்டரிடம் சொல்ல, ஒரு மணி நேரத்தில் நாற்பது பேர் குனிந்த தலை நிமிராமல் வேலை செய்கிறோம், ஒருத்தரும் அந்தக் கார்டைக் கண்ணால் பார்த்ததில்லை. இதைச் சொன்னதும் மயிலாள் ஈரத்துணியால் அம்பைத் துடைத்தாள். அப்போது எனக்கு இருந்த சந்தோஷம் அந்த முருகனுக்குத்தான் தெரியும், சொன்னால் நீ சிரிப்பாய்.

நாலு பக்கம் படித்ததும் மடித்துவிட்டாள். "போதுமக்கா, மிச்சமெல்லாம் சும்மா ஊட்டுச் சேதி" என்றாள். வீட்டுச் சேதி என்றால் அது முதலில் எனக்கல்லவா வர வேண்டும். இருபது வருஷமாகப் பனியனில் ஓட்டை பார்க்கிற கண், அவள் விரித்தபோதே ஆறு காகிதம் என்று எண்ணிவிட்டேன். அவள் கோயிலுக்குப் போனபோது பையைத் திறந்து எடுத்தேன். தப்புத்தான், எடுத்தது எடுத்ததுதான்.

ஐந்தாம் பக்கத்தில் வாந்திபேதியைப் பற்றி எழுதியிருந்தாய். அந்தக் கிருமியின் விஷம் குடல் செல்லுக்குள் அதே சின்னப் பொருளை நிற்காமல் தயார் பண்ண வைக்கிறது, போதும் என்கிற சொல்லே உள்ளே எடுபடுவதில்லை, அதனால்தான் உடம்புத் தண்ணீரெல்லாம் கொட்டிப்போகிறது, அப்பா அப்படித்தான் போனார் சின்னம்மா என்று எழுதியிருந்தாய். இப்போதெல்லாம் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தே பிழைக்க வைக்கிறார்களாம். இந்தத் தண்ணீர் விஷயத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம் என்று அடியில் கோடு வேறு போட்டிருந்தாய். வெள்ளியங்கிரி, உனக்கு அப்போது ஆறு வயது, உன்னை மயிலாள் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். பக்கத்தில் இருந்தவள் நான். தண்ணீர் கொடுக்கக் கூடாது, உதட்டை நனைத்தால் போதும் என்று பெரியவர்கள் எல்லோரும் சொன்னார்கள். உன் அப்பா மூன்று தடவை கேட்டார். சொம்பு என் கையில் இருந்தது. இதை நீ யாரிடமிருந்து மறைக்கிறாய். இருபது வருஷமாக நான் ஒரு சொம்பு தண்ணீரை நிம்மதியாகக் குடித்ததில்லை. அந்தத் தண்ணீரைக் கொடுத்திருக்கலாமா என்று கேட்க எனக்கு ஒரு ஆள் இல்லாமல் இருந்தது, பதில் தெரிந்த ஒரே ஆள் என் வயிற்றில் பிறந்தவன், அவன் அதைக் கோயமுத்தூருக்கு எழுதுகிறான். இந்த இடத்தில்தான், கண்ணு, எனக்குத் தாங்கவில்லை.

ஆறாம் பக்கத்தையும் படித்தேன். வாசலில் நிற்கிற ஏற்பிக்கும் உள்ளே வேலை செய்கிற புரதத்துக்கும் நடுவில் வேறொருவன் நின்று சேதியைக் கைமாற்றுகிறான் என்று சந்தேகம், அவனைத் தேடுகிறோம், அதனால் தைக்கு ஊருக்கு வர முடியாது, இன்னும் இரண்டு வருஷம் ஆகும், அம்மாவிடம் நேரம் பார்த்துப் பக்குவமாகச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தாய். மயிலாள் கோயிலிலிருந்து வந்து என் மடியில் காகிதத்தைப் பார்த்துவிட்டு அழுதாள். "நான் என்ன பண்ணட்டும் அக்கா, அவன்தான் என்னைச் சொல்லச் சொன்னான்" என்றாள். பாவம், அவள் மேல் தப்பில்லை. ஆனாலும் அவளுக்கு நான் காபி கொடுக்கவில்லை, அவளே போட்டுக் குடித்தாள்.

நீ அங்கே நடுவில் நிற்கிறவனைத் தேடிக்கொண்டிரு, வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். உன் அப்பா எதனால் போனார் என்கிற வேலை அது, இரண்டு வருஷம் என்ன நாலு வருஷம் ஆனாலும் இரு. ஆனால் நமக்கு நடுவில் ஆள் வைக்காதே. என் உடம்பு அவ்வளவு இளைத்துப்போகவில்லை. தைக்கு வரவில்லை அம்மா என்று எனக்கு எழுது. அந்தத் தண்ணீரைக் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாரா என்பதையும் எழுது, ஆமாம் என்றால் ஆமாம் என்றே எழுது. இதுவரைக்கும் எனக்கு மேளச் சத்தம்தான் கேட்டிருக்கிறது, கூப்பிட யாரும் வரவில்லை.

புதன்கிழமை மெத்தைக்காரர் வந்தார், நீ படுக்க இலவம்பஞ்சு மெத்தைக்குப் புரட்டாசியிலேயே சொல்லி வைத்திருந்தேன். வராத பிள்ளைக்கு எதற்கக்கா மெத்தை என்று மயிலாள் கேட்டாள். வரவில்லை என்று எனக்கு யாரும் சொல்லவில்லையே என்றேன். தைத்து முடித்தாகிவிட்டது, உன் கட்டிலில் போட்டிருக்கிறேன்.

குளிரில் வெறுங்காலோடு நடக்காதே, எண்ணெய் தேய்த்துக் குளி. நூறு வயது நன்றாக இரு சாமி, தேடுகிறது உன் கைக்குக் கிடைக்கட்டும், சிவன்மலை முருகன் துணை இருப்பான். கவரின் மேல் என் பெயரை முழுதாக எழுது. அந்த ஆறு பக்கமும் என் பெட்டியில் இருக்கிறது, மயிலாள் கேட்டு எழுதினால் அவளுக்கு வேறு எழுதிக்கொடு, இதை நான் தருவதாக இல்லை.

இப்படிக்கு,
சொம்போடு பக்கத்தில் இருந்தவள்,
உன் அம்மா பூவாத்தாள்